முப்பத்திரண்டாவது பெயர்

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எங்கள் மூன்று பேருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, உனக்கும் அப்படியே இருக்கட்டும். உடம்பைத் தவிர மற்ற எதுவும் இந்த வீட்டில் சரியாக இல்லை, அதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். போன வாரம் போனில் உன் இருமலைக் கேட்டேன், "அது ஒன்னுமில்லம்மா, லைன்ல சத்தம்" என்றாய், லைனுக்கு எப்போதிலிருந்து சளி பிடிக்கிறது என்று எனக்குத் தெரியாது. குளிர்பதனக் கிடங்கில் வேலை பார்க்கிறவன் காதை மூடிக்கொள்ள வேண்டாமா, தொப்பி போட்டால் தலைமுடி கலையும் என்று இந்த வயதிலும் பார்க்கிறாயா. அப்பாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. ஊரில் இருக்கிற லிப்டையெல்லாம் ரிப்பேர் செய்கிற மனுஷன் நம் வீட்டு மூன்று மாடியை நொண்டி நொண்டி ஏறுகிறார், கேட்டால் இந்தக் கட்டடத்துக்காரன் லிப்ட் வைக்காததற்கு நான் என்ன செய்ய என்கிறார். இதெல்லாம் போனில் சொல்கிற செய்திதான். ஆனால் நம் வீட்டில் ஒரு அறையில் பேசினால் அடுத்த அறையில் பதில் வரும், உனக்குத் தெரியும், குட்டி கேட்கக் கூடாத ஒன்றை எழுத வேண்டியிருக்கிறது. அதனால் ஆபீசில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் டப்பாவைத் திறக்காமல் இதை எழுதுகிறேன்.

ரேங்க் வந்துவிட்டதா என்று நீ இரண்டு தடவை கேட்டாய், வரும் வரும் என்று போனை வைத்துவிட்டேன். அது பொய். வந்து பதினோரு நாள் ஆகிறது. குட்டிக்கு முப்பத்திரண்டாவது இடம். கேட்டதும் உனக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கும், முந்நூற்றுப் பத்து பேரில் முப்பத்திரண்டு என்றால் யாருக்குத்தான் இருக்காது, பக்கத்து வீட்டுத் தையல்காரம்மாகூட "அடேங்கப்பா" என்று கன்னத்தில் கை வைத்தாள். ஆனால் இந்தப் புதுச் சட்டம் உனக்குப் புரியவில்லை என்று முன்னொரு நாள் சொன்னாயே, கவுன்டரில் நின்று எல்லாப் பெற்றோருக்கும் சொல்லிச் சொல்லி எனக்கு மனப்பாடமாகிவிட்டது, சொல்கிறேன் கேள். உன் காலத்தில் மார்க்கைப் பார்த்தார்கள், நாட்டில் இருக்கிற எல்லாப் பிள்ளைகளையும் ஒரே வரிசையில் நிறுத்தினார்கள். இப்போது ஒவ்வொரு பள்ளிக்கும் தனி வரிசை. கடைசி வகுப்பில் எத்தனை பிள்ளைகளோ அதில் பத்தில் ஒரு பங்கு, அந்தப் பங்குக்குள் பெயர் வந்துவிட்டால் அரசுப் பல்கலைக்கழகத்தில் கேட்ட படிப்பில் இடம் நிச்சயம், பெரிய பள்ளி சின்னப் பள்ளி என்ற பேச்சே கிடையாது. வெளியே நிற்கிறவர்கள் மிச்சம் மீதிக்கு முட்டி மோதிக்கொள்ள வேண்டும், பல் மருத்துவம் மாதிரிப் படிப்பில் மிச்சம் என்று ஒன்று இருந்தால்தானே. முந்நூற்றுப் பத்தில் பத்தில் ஒரு பங்கு முப்பத்தொன்று. முப்பத்தொன்றாவது பெயருக்குக் கீழே ஸ்கேல் வைத்துச் சிவப்பு மையில் ஒரு கோடு போட வேண்டும் என்பது உத்தரவு, அந்தக் கோட்டைப் போட்டவள் நான்தான். கோட்டுக்கு அடியில் முதல் பெயர் உன் தங்கை பெயர்.

சட்டம் கெட்ட சட்டம் என்றால் திட்டித் தீர்த்துவிட்டுத் தூங்கலாம். அது நல்ல சட்டம், அதுதான் என் வயிற்றெரிச்சல். டியூஷனுக்கு வழியில்லாத, ஒரே அறையில் மூன்று வகுப்பு நடக்கிற பள்ளியிலிருந்தும் நான்கு பிள்ளைகள் மேலே போகட்டும் என்று கொண்டு வந்தது. நம் குட்டி அப்படி ஒரு பள்ளியில்தானே இருந்தாள், டயர் கடைக்குப் பின்னால், வகுப்புக்கு நாற்பது பேர், எந்த வருஷமும் அவள்தான் முதல், இரண்டாவது வருகிற பிள்ளைக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு லாரி போகலாம். அங்கேயே விட்டிருந்தால் இன்றைக்கு நான் உனக்கு வேறு கடிதம் எழுதிக்கொண்டிருப்பேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவளை நான் வேலை பார்க்கிற பள்ளிக்கு மாற்றினேன், பெரிய பள்ளி, பெயர் பெற்ற பள்ளி, ஊழியர் பிள்ளைக்கு இடம் கிடைக்கிறது, விடுவேனா. நீ அன்றைக்கே சொன்னாய், "அவளுக்கு அங்க நல்லாத்தானம்மா இருக்கு, வேர் புடிச்ச செடியை எதுக்குப் புடுங்கி நடற" என்று. அப்பாவும் சொன்னார். நான்தான், பதினெட்டு வருஷமாக அந்தப் பள்ளியில் ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் சர்டிபிகேட் எழுதிக் கொடுக்கிறேன், என் பிள்ளைக்கு ஒன்று எழுதக் கூடாதா என்று நின்றேன். மாற்றிய ஆறாவது மாதம் இந்தச் சட்டம் வந்தது. திரும்பக் கொண்டுபோய் விடலாம் என்று ஓடினேன், கடைசி இரண்டு வருஷமும் ஒரே பள்ளியில் படித்திருந்தால்தான் அங்கே ரேங்க் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டேன், இனி குத்துது குடையுது என்று யாரிடம் சொல்ல. டயர் கடைப் பள்ளியில் இவளிடம் கணக்கு கேட்டு வீட்டுக்கு வந்துகொண்டிருந்தானே ஒரு பையன், அவனுக்கு இடம் உறுதியாகிவிட்டது. போன வாரம் மாடியேறி வந்து குட்டியிடம் சொல்லிவிட்டுப் போனான், பாவம் பிள்ளை, எந்த முகத்தோடு சொல்வது என்று தெரியாமல் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னான். இவள் சிரித்த முகமாகத்தான் கேட்டாள். அவன் இறங்கிப் போன பிறகு குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு வெகு நேரம் முகம் கழுவினாள்.

அவள் எப்படிப் படித்தாள் என்று உனக்குத் தெரியாது, நீ பார்க்கவில்லை. புதுப் பள்ளியில் முதல் பரீட்சையில் நூற்றுப் பதினான்காவது வந்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக முதல் இடத்தில் இல்லை, ஒரு வாரம் புத்தகத்தைத் தொடவில்லை. அப்புறம் தானே எழுந்தாள், எழுபது, ஐம்பத்தாறு, நாற்பத்து மூன்று என்று ஒவ்வொரு பரீட்சைக்கும் மேலே வந்துகொண்டே இருந்தாள். பஸ்ஸில் என்னோடு வரும்போதும் புத்தகம், நான் சமைக்கும்போது அடுப்படி வாசலில் உட்கார்ந்து எனக்கு ஒப்பிப்பாள், எலும்பு பெயரெல்லாம் எனக்கே வாயில் வர ஆரம்பித்துவிட்டது. பல் டாக்டர் ஆவது என்ற பைத்தியம் மட்டும் நீ போன அன்று எப்படி இருந்ததோ அப்படியே. அப்பா கொட்டாவி விட்டால் போதும், டார்ச்சைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவாள், "ஆ காட்டுங்க, மூடாதீங்க, உள்ள கடைசிப் பல்லு போயிடுச்சுப்பா" என்பாள். நேற்று சாயங்காலம் அவர் அவள் முன்னால் வேண்டுமென்றே மூன்று தடவை கொட்டாவி விட்டார். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. எழுந்து வந்து அடுப்படியில் என் பக்கத்தில் நின்றுகொண்டார்.

இனிமேல்தான் நான் சொல்ல வந்தது. இதை அப்பாவுக்கும் சொல்லவில்லை. ரேங்க் பட்டியல் தயாரிப்பது என் வேலை என்று உனக்குத் தெரியும், எல்லாப் பாடத்துக்கும் பதிவேடு இருக்கிறது, அதிலிருந்து மார்க்கை எடுத்துக் கூட்டி, கம்ப்யூட்டரில் போட்டு, அச்செடுத்து, மறுபடி பதிவேட்டோடு ஒப்பிட வேண்டும். நான் எப்போதும் கடைசிப் பெயரிலிருந்து மேலே மேலே போவேன், மேலிருந்து கீழே வந்தால் கண் பழகிப்போய்த் தப்பைத் தாண்டிவிடும். சொந்தப் பெண் படிக்கிற வருஷம், இந்தத் தடவை வேறு யாராவது பார்க்கட்டும் என்று நான் ஒதுங்கியிருக்க வேண்டும். பெரிய கிளார்க் இருக்கிறாரே, பள்ளி முத்திரையைக் கழுத்துச் சங்கிலி மாதிரிக் கூடவே வைத்திருக்கிறதால் நாங்கள் முத்திரை என்று கூப்பிடுகிற மனுஷன், அவரே மெதுவாக அந்தப் பேச்சை ஆரம்பித்தார், தலைமையாசிரியைதான் "உங்களை விட்டா நான் யாரை நம்புறது, நீங்களே பாருங்க" என்று சொல்லிவிட்டார். எனக்கும் அது பெருமையாக இருந்தது. அந்தப் பெருமைதான் என்னைக் கொண்டுபோய்க் குழியில் தள்ளியது.

முதல் அச்சில் குட்டி முப்பத்தொன்று. கோட்டுக்கு மேலே. பார்த்ததும் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி பார்த்தேன், முப்பத்தொன்றுதான். அன்று மதியம் நாற்காலியில் உட்கார முடியவில்லை, நின்றுகொண்டே வேலை செய்தேன். அப்புறம் ஒப்பிட உட்கார்ந்தேன். தொண்ணூற்றாறாவது இடத்தில் ஒரு பெண், ரெட்டைச்சடை என்று கூப்பிடுவார்கள், அமைதியான பிள்ளை, நன்றாகப் படிக்கிறவள் ஆயிற்றே இவள் எப்படி இவ்வளவு கீழே கிடக்கிறாள் என்று பதிவேட்டை எடுத்தேன். வேதியியல் செய்முறைக் கட்டத்தில் வராதவள் என்று குறி. கால் உடைந்து படுத்திருந்தாள் அப்போது, எனக்கே ஞாபகம் இருக்கிறது, லீவு லெட்டரை நான்தான் கோப்பில் வைத்தேன். தாளைத் திருப்பினால் பின்பக்கத்தில் குண்டூசியில் ஒரு துண்டுத்தாள். அவள் குணமாகி வந்த பிறகு வாத்தியார் தனியாகப் பரீட்சை வைத்து மார்க் போட்டுக் கையெழுத்திட்டுக் குத்தி வைத்திருக்கிறார், கட்டத்தில் ஏற்ற மறந்துவிட்டார். அந்த வாத்தியாரும் இப்போது இல்லை, வேலையை விட்டுவிட்டு எங்கேயோ போய்விட்டார், விலாசம்கூட எங்களிடம் கிடையாது. அந்த மார்க்கைச் சேர்த்தால் ரெட்டைச்சடை இருபத்து நான்காவது இடம். இருபத்து நான்கிலிருந்து தொண்ணூற்றைந்து வரை இருக்கிற ஒவ்வொருவரும் ஒரு இடம் இறங்க வேண்டும். முப்பத்தொன்று முப்பத்திரண்டு ஆக வேண்டும்.

அந்த அறையில் அப்போது நான் மட்டும்தான் இருந்தேன். குண்டூசியைக் கழற்றினேன். துண்டுத்தாளை நான்காக மடித்து என் பேனா டப்பாவில் போட்டு மூடினேன். உன் அம்மா செய்தாள் இதை, நம்பு. திருடுகிறவர்களுக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும் என்பார்கள், எனக்கு ஒன்றும் அடித்துக்கொள்ளவில்லை, பஸ்ஸில் வரும்போது குட்டி தோளில் சாய்ந்து தூங்கினாள், இவள் ஒரு நாள் வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொள்வாள் என்று நினைத்துக்கொண்டே வந்தேன். மறுகூட்டல் கேட்டாலும் பதிவேட்டில் இருப்பதைத்தான் கூட்டுவார்கள், தாள் இல்லையென்றால் மார்க் இல்லை, அந்தப் பிள்ளை அழுதுவிட்டுப் போய்விடும், இதையெல்லாம் உட்கார்ந்து யோசித்தேன். ஒரு நாள் போயிற்று, இரண்டாவது நாள் போயிற்று. ஒவ்வொரு தடவை பேனா எடுக்கும்போதும் அது அங்கே இருந்தது. மூன்றாவது நாள் சாயங்காலம், மறுநாள் காலையில் பட்டியல் பல்கலைக்கழகத்துக்குப் போக வேண்டும், நான் கதவைப் பூட்டப் போகிற சமயம், ரெட்டைச்சடை கவுன்டருக்கு வந்து நின்றாள். கால் இன்னும் லேசாக இழுக்கிறது அவளுக்கு. "மேடம், என்னோட பிராக்டிகல் மார்க் வந்துடுச்சா, சார் போறப்ப ஆபீஸ்ல கேட்டுக்கச் சொன்னாரு" என்றாள். நான் "வந்துடுச்சு, போ" என்றேன்.

நான் நல்லவள் என்பதால் சொன்னேன் என்று நினைத்துவிடாதே. நாளெல்லாம் கவுன்டரில் வந்துடுச்சு, வரல, நாளைக்கு வா என்று இந்த மூன்றைத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறேன், அந்தப் பழக்கத்தில் வாய் சொல்லிவிட்டது. சொன்ன பிறகுதான் மனசுக்குத் தெரிந்தது. அவள் நன்றி சொல்லிவிட்டு அந்தக் காலை இழுத்துக்கொண்டு போனாள், அவள் மேல் எனக்கு அப்படி ஒரு கோபம், எதற்கு, தன் மார்க்கைத் தான் கேட்டதற்கு. அப்புறம் உட்கார்ந்து டப்பாவைத் திறந்து தாளைப் பிரித்து மார்க்கை ஏற்றினேன். கம்ப்யூட்டர் ஒரு நொடியில் எல்லாரையும் நகர்த்திவிட்டது. கோட்டை ஸ்கேல் வைத்துப் போட்டுவிட்டு, முத்திரையிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன், அவர் பெயரைப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார், அப்புறம் முத்திரை குத்தினார்.

அறிவிப்புப் பலகையில் ஒட்டிய அன்று குட்டி பார்த்துவிட்டு நேராக என் கவுன்டருக்கு வந்தாள். "முப்பத்திரண்டும்மா, வாயில இருக்கற பல்லு எண்ணிக்கை" என்று சொல்லிச் சிரித்தாள், அந்தச் சிரிப்பை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன். அப்பாவிடம் சாயங்காலம் சொன்னோம், அவர் கையைக்கூடக் கழுவாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டார், "லிப்ட்ல பத்து பேருன்னு போட்டிருந்தா பதினோராவது ஆள் இறங்கித்தான் ஆகணும், அவன் ஒல்லியா குண்டான்னெல்லாம் அது பாக்காது" என்றார், ஆறுதல் என்று நினைத்துத்தான் சொன்னார். தனியார் கல்லூரியைப் பற்றிப் பேசிப் பயனில்லை, நம் தலையை விற்றாலும் முடியாது. அவள் அதைக் கேட்கவும் இல்லை. அவள் கேட்டது மறுகூட்டல். படிவம் வாங்கி வந்துவிட்டாள், திங்கட்கிழமை கடைசி நாள், ஒரே ஒரு இடம்தானே, எங்கேயாவது ஒரு அரை மார்க்கைக் கூட்டாமல் விட்டிருப்பார்கள் என்று அதையே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். "நீ ஒரு தடவை பாரும்மா, நீ பாத்தா தப்பு எதுவும் தப்பிக்காது" என்கிறாள். அவள் பக்கத்தை எத்தனை தடவை பார்த்துவிட்டேன் தெரியுமா, ஒவ்வொரு தாளையும் பின்பக்கம் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், எல்லாம் சரியாக இருக்கிறது. இன்றைக்கும் காலையில் நான் வேலைக்குக் கிளம்பும்போது "பாத்தியாம்மா" என்று கேட்டுவிட்டாள். பார்க்கிறேன் என்றேன். அவளிடம் சொல்லாமல் இந்தப் படிவத்தில் எப்படிக் கையெழுத்துப் போடுவேன், சொன்னால் எப்படி அவள் முகத்தில் விழிப்பேன். மணி அடித்துவிட்டது, முத்திரை எட்டிப் பார்க்கிறார், அப்புறம் எழுதுகிறேன்.

இன்று சனிக்கிழமை மதியம். வீட்டில் யாரும் இல்லை, அப்பா ஆஸ்பத்திரி லிப்ட் நின்றுவிட்டது என்று போயிருக்கிறார், குட்டி எங்கே போகிறேன் என்று சொல்லாமல் வெளியே போயிருக்கிறாள். முந்தைய பக்கங்களைக் கிழித்துப் போட்டுவிடலாம் என்று எடுத்தேன், கிழிக்கவில்லை, நேற்று நடந்ததையும் சேர்த்தே எழுதிவிடுகிறேன். நேற்றுப் படிவத்தைக் கொடுக்க அவளே பள்ளிக்கு வந்தாள், வேலை முடிகிற நேரமாகிவிட்டது, திங்கள் கொடுத்துக்கொள்ளலாம் வா என்று கூட்டிக்கொண்டு வந்து பஸ் நிறுத்தத்துப் பெஞ்சில் உட்கார்ந்தேன். நம் பஸ் வந்தது, நான் எழுந்திருக்கவில்லை. அவள் என்னைப் பார்த்தாள். அங்கேயே எல்லாவற்றையும் சொன்னேன், துண்டுத்தாள், குண்டூசி, ரெட்டைச்சடை, நீ முதலில் முப்பத்தொன்று என்பது வரைக்கும். அந்த மூன்று நாளைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். பார்த்தேன், ஏற்றினேன் என்று சொல்லியிருந்தால் அம்மா நேர்மையானவள் என்று கோபத்தோடாவது ஒரு மரியாதை மிஞ்சியிருக்கும். ஆனால் அவள் அப்படி நினைத்துக்கொண்டு என்னை மதித்தால் அதைத் தாங்க எனக்குத் தெம்பு இல்லை, அதனால் அதையும் சொன்னேன். அடுத்த பஸ்ஸும் வந்து போனது.

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. கையில் இருந்த படிவத்தின் ஓரத்தை நீவிக்கொண்டே இருந்தாள். "லிஸ்ட்டு எப்பம்மா போச்சு" என்று கேட்டாள். நான்காவது நாள் காலையில் என்றேன். அப்புறம் சின்ன வயதில் கடை வாசலில் நின்றுகொண்டு எதையாவது கேட்பாளே, கிடைக்காது என்று தெரிந்தும் கேட்கிற குரல், அந்தக் குரலில், "மூணு நாள் வெச்சிருந்தியே, இன்னும் ஒரே ஒரு நாள் வெச்சிருக்க முடியலையாம்மா" என்றாள்.

அடுத்த பஸ்ஸில் ஏறினாள், பக்கத்தில் இடம் காலியில்லாத சீட்டாகப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். வீட்டுக்கு வந்து படிவத்தைக் கிழிக்கவில்லை, மடித்து என் பையில் வைத்துவிட்டு "நீயே வெச்சுக்கோ" என்றாள். அதற்கப்புறம் என்னிடம் பேசவில்லை. அப்படிக் கேட்கலாமா, தப்பு இல்லையா என்று தாயாய் நான் அவளைக் கண்டித்திருக்க வேண்டும். எப்படிக் கண்டிப்பேன். அவள் கேட்ட அந்த நொடியில் என் மனசும், ஆமாம், வைத்திருக்கலாம் என்றுதான் சொன்னது. ரெட்டைச்சடை ஐந்து நிமிஷம் தாமதித்து வந்திருந்தால் நான் கதவைப் பூட்டிவிட்டுப் போயிருப்பேன், நம் குட்டி டாக்டர் ஆகியிருப்பாள், நான் அதற்கு நன்றி சொல்லி எல்லாருக்கும் சொல்லிச் சிரித்துக்கொண்டு திரிந்திருப்பேன். ஒன்று முழுத் திருடியாக இருந்திருக்க வேண்டும், இல்லையென்றால் முதல் நாளே ஏற்றியிருக்க வேண்டும். இரண்டுமில்லாமல் அரைக்கிணறு தாண்டினேன். விழுந்தது அவள்.

உன்னிடம் எதற்குச் சொல்கிறேன் என்றால், இந்த வீட்டில் இந்த வலியை முன்னால் பட்டவன் நீ ஒருவன்தான். உன் வருஷத்தில் உனக்குக் கொஞ்சத்தில் இடம் போனபோது, "விடுடா, எல்லாம் நல்லதுக்குத்தான்" என்று நான் சொன்னேன், நீ ஒரு மாதம் என்னோடு பேசவில்லை, என்ன திமிர் என்று நினைத்தேன். இப்போது தெரிகிறது அந்த வார்த்தை எப்படிப்பட்ட வார்த்தை என்று. தாமதமாகத் தெரிந்தது, மன்னித்துக்கொள். நாளை மறுநாள் படிவத்தில் நான் கையெழுத்துப் போட்டு அவளுக்காகக் கொடுத்துவிடுவேன், அதில் ஒன்றும் வராது, வராது என்று எனக்குத் தெரிகிறது என்பதற்காக அவளுக்கு இருக்கிற உரிமையை நான் எடுத்துக்கொள்ள முடியாதே. வேறு படிப்புக்கு எதற்காவது எழுதிப் போடச் சொல்லவும் எனக்கு இப்போது வாய் இல்லை. நீ அவளோடு பேசு. அந்தக் கிடங்கில் உனக்கு எந்தக் கிழமை விடுமுறையோ அந்த நாளில் கூப்பிடு, நான் எடுத்தால் என்னிடம் நலம் விசாரிக்காதே, நேராக அவளைக் கேள். அம்மா செய்ததுதான் சரி என்று அவளிடம் சொல்லாதே, எனக்கே தெரியாததை நீ சொல்லாதே. சாப்பிட்டாயா என்று கேள், எதையாவது பேசி அவளைச் சிரிக்க வை, உனக்குத்தான் அது வரும். அவள் என்னைத் திட்டினால் தடுக்காதே, அம்மாவை அப்படிப் பேசாதே என்று பெரிய மனுஷன் மாதிரி ஆரம்பிக்காதே, கூடச் சேர்ந்து நீயும் நாலு வார்த்தை திட்டு. அவள் பக்கம் ஒரு ஆளாவது இருக்கட்டும்.

தொப்பி போடு, கையுறை இல்லாமல் இரும்பைத் தொடாதே, இருமலுக்கு டாக்டரைப் பார். அப்பா உன்னைக் கேட்டதாக எழுதச் சொன்னார், நான் உனக்கு எழுதுகிறேன் என்று அவருக்குத் தெரியாது, ஆனால் தினமும் கேட்கிறார், அதனால் பொய்யில்லை. நீ போன இடத்தில் உனக்கு எந்தக் குறையும் வராமல், நோய் நொடி அண்டாமல், நல்ல மனுஷர்கள் நடுவில் இரு, என் ஆசீர்வாதத்துக்கு இப்போது எவ்வளவு பலம் இருக்கிறதோ தெரியவில்லை, இருப்பது முழுவதும் உனக்கும் அவளுக்கும்தான்.

கீழே கதவுச் சத்தம் கேட்கிறது, அவள்தான், படியேறி வருகிறாள். என்னோடு பேச மாட்டாள், ஆனாலும் தட்டை எடுத்து வைக்கிறேன்.

உன் அம்மா